புகார் வராத பிழை

சிந்துஜா 'துணை'க்குச் செய்த முதல் பங்களிப்பு ஒரே ஒரு சொல்தான்.

அவள் கணவன் பூபதியின் தலைக்குள் ஒரு கருவி இருந்தது. வலது காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் பதித்த, பாதித் தீப்பெட்டி அளவுள்ள தகடு. அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் மூளைக்குள் இறங்கியிருந்தன. வலிப்பு கிளம்பும் அறிகுறியைக் கம்பிகள் உணர்ந்ததும், கருவி சின்னதாக ஒரு மின்துடிப்பை அனுப்பி அதைத் தொடக்கத்திலேயே அடக்கிவிடும். அந்தக் கருவியைச் செய்த வெளிநாட்டு நிறுவனம் 2041இல் திவாலானது. மூடிய மூன்றாம் மாதம், கருவியோடு பேசும் கைபேசிச் செயலியும் நின்றுபோனது. உலகம் முழுக்க முப்பத்தோராயிரம் பேரின் தலைக்குள் கேட்பாரில்லாத இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அதே நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, அது மூடுவதற்கு முன்பே சண்டை போட்டு வெளியேறியவர் கெங்காதரன். யாழ்ப்பாணத்துக்காரர், நார்வேயில் குடியிருந்தார். அவர் செயலியையும் கருவிக்குள் ஓடும் நிரலையும் முதலிலிருந்து எழுதி, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். 'துணை' என்று தமிழிலேயே பெயர் வைத்தார். பிரேசிலிலும் கொரியாவிலும் இருக்கிறவர்கள்கூட அந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறி உச்சரிக்கப் பழகிக்கொண்டார்கள்.

சிந்துஜா ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தாள். பூபதியின் கைபேசியில் செயலியை ஏற்றியதும் தமிழில் முதல் எச்சரிக்கை வந்தது: 'பறிமுதல் வரும்போது தனியாக இருக்க வேண்டாம்.' ஆங்கிலத்தில் வலிப்புக்கும் பறிமுதலுக்கும் ஒரே சொல். ஏதோ இயந்திரம் மொழிபெயர்த்திருந்தது.

பூபதி விழுந்து விழுந்து சிரித்தான். "இனி எதைப் பறிமுதல் பண்ணுவாங்க? லைசென்சத்தான் ஏற்கெனவே புடுங்கீட்டாங்களே." பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். இருபத்தொன்பதாவது வயதில் முதல் வலிப்பு வந்த பிறகு, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் அந்தச் சொல்லைத் திருத்தி அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது. 'நன்றி. இன்னும் நாற்பது இடத்தில் இப்படி இருக்கு. நேரம் கிடைத்தால் பாருங்கோ. கெங்காதரன்.'

நாற்பதையும் பார்த்தாள். பிறகு செயலி அடிக்கடி அணைந்துபோவதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அப்புறம் கருவிக்குள் ஓடும் நிரலைப் படிக்க ஆரம்பித்தாள். நான்கு வருடத்தில் 'துணை'யின் மூன்று பொறுப்பாளர்களில் அவளும் ஒருத்தி. மற்ற இருவர் கெங்காதரனும், நைரோபியில் மருத்துவராக இருந்த வாஞ்சிருவும். யாருக்கும் சம்பளம் கிடையாது. யார் திருத்தம் அனுப்பினாலும் மூவரில் இருவர் ஒப்புக்கொண்டால்தான் அது சேரும். அலுவலகம் முடிந்து வந்து, மகள் அமுதினிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் எழுதிய வரிகளை அவள் வரிவரியாகப் படிப்பாள். படித்துத் தவறவிட்டால் அது ஒருவரின் மூளைக்குள் போகும். அந்த எண்ணம் வந்தால் மறுபடி முதலிலிருந்து படிப்பாள்.

'துணை'க்கு ஒரே ஒரு விதிதான் முகப்பில் பொறித்திருந்தது. ஒருவர் தலைக்குள் போகும் எதுவும், அவரே தன் விரலால் 'ஆம்' என்று அழுத்தாமல் போகக்கூடாது. பழைய நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றங்களை அனுப்பியது. கெங்காதரன் சண்டை போட்டது அதற்காகத்தான். நோயாளி நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடக்கும்போது மட்டும் பயன்படுத்த ஒரு அவசரச் சாவி இருந்தது. நீளமான ஓர் எண்வரிசை. பொறுப்பாளர்கள் மூவரிடம் மட்டும் இருந்த அதை யாரும் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை.

ஐந்தாவது வருடம் வலிப்புகள் திரும்ப ஆரம்பித்தன. பூபதிக்கு மட்டுமல்ல, எல்லா நாட்டிலும். கம்பிகளைச் சுற்றி மூளைக்குள் தழும்பு கட்டி, துடிப்பு போய்ச் சேரவில்லை. பூபதிக்கு வாரம் மூன்று முறை வந்தது. ஒருமுறை குளியலறையில் விழுந்து முன்பல் இரண்டு போயிற்று.

அப்போதுதான் லூசியாவின் திருத்தம் வந்தது. பிரேசிலின் கடற்கரை ஊர் ஒன்றில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவள், அவள் தலையிலும் அதே கருவி. தழும்பைத் தாண்டிப் போகும்படி மின்துடிப்பை அகலமாகப் பரப்பும் வழி அது. இருநூறு வரிகூட இல்லை. இத்தனை அழகாக எழுதப்பட்ட நிரலைச் சிந்துஜா பார்த்ததே இல்லை. பதினோரு நாள் அதைச் சோதித்தாள். பிழை எதுவும் கிடைக்கவில்லை. தன் பெயரில் ஒப்புதல் கொடுத்தாள். வாஞ்சிருவும் கொடுத்தாள். ஜனவரி மாதம் பூபதி கைபேசியைக் கையில் எடுத்து, "சாமி, காப்பாத்து" என்று சொல்லி, 'ஆம்' என்று அழுத்தினான்.

அதன்பின் அவனுக்கு ஒரு வலிப்புகூட வரவில்லை.

'துணை'யின் இணைய மன்றத்தில் நன்றிக் கடிதங்கள் குவிந்தன. இருபத்தாறாயிரம் பேர் புதிய பதிப்புக்கு மாறினார்கள். ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டதாக எழுதினாள். ஒருவர் இருபது வருடம் கழித்துத் தனியாக ரயிலேறியதாக எழுதினார். வாசித்துக்கொண்டே சிந்துஜா பலமுறை அழுதிருக்கிறாள். பூபதி ஆளே மாறிப்போனான். பாட்டுப் பாடினான். கடன் கேட்டு வந்த பங்காளியிடம் முகத்துக்கு நேராக முடியாது என்றான். அடுத்த அறையில் ஏதாவது பாத்திரம் விழுந்தால் ஓடிப்போய்ப் பார்க்கும் வழக்கத்தை அவளும் மெல்ல விட்டாள்.

மார்ச் மாதம் ஒருநாள் மாவு அரைக்கும் அறைக்குள் போனவள் அப்படியே நின்றாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பூபதி, கடைக்காரர் ஒருவருடன் கைபேசியில் பேசிக்கொண்டே, சுழலும் கல்லுக்கு அடியில் விரலை விட்டு மாவைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"மாமா! கையை எடுங்க!"

எடுத்தான். நடுவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். "இதுக்கு எதுக்கு இந்தக் கத்துக் கத்தற? ஒண்ணும் ஆகலியே."

கவனக்குறைவு என்று அவள் நினைத்தாள். ஏப்ரலில், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் ஏழு வயது அமுதினியை நடக்கவிட்டு, இவன் கீழே நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சண்டை போட்டாள். அவனுக்குக் கோபமே வரவில்லை. அவள் எதற்குக் கத்துகிறாள் என்று உண்மையிலேயே புரியாமல் விழித்தான்.

மே மாதம் மன்றத்தில் லூசியாவின் அக்கா ஒரு கடிதம் போட்டிருந்தாள். லூசியா கடலில் மூழ்கி இறந்துவிட்டாள். புயல் எச்சரிக்கைக் கொடி ஏற்றியிருந்த நாளில் நீந்தப் போயிருக்கிறாள். 'கடைசி ஐந்து மாதம்தான் என் தங்கை வாழ்ந்தாள். சின்ன வயதிலிருந்து தண்ணீரைக் கண்டால் நடுங்குவாள், தண்ணீரில் வலிப்பு வந்துவிடும் என்று. அந்தப் பயத்திலிருந்து அவளை விடுவித்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.'

கீழே நானூறு பேர் இரங்கல் தெரிவித்திருந்தார்கள். சிந்துஜா அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தாள். பிறகு வேறொன்றைத் திறந்தாள். ஒவ்வொரு கருவியும் வாரம் ஒருமுறை, யாருடையது என்று சொல்லாமல், உயிரோடிருப்பதாக ஒரு செய்தி அனுப்பும். முன்பெல்லாம் மாதம் நாற்பது கருவிகள் மௌனமாகும். வயதானவர்கள், நோயாளிகள். பிப்ரவரியில் அறுபத்தொன்று. மார்ச்சில் தொண்ணூறு. ஏப்ரலில் நூற்று நாற்பத்திரண்டு. கூடுதலாக மௌனமானவை எல்லாம் புதிய பதிப்பு ஏற்றியவை.

கெங்காதரனை அழைத்தாள். அவர் எண்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, வலிப்புத் தொடங்கிற இடத்துக்குப் பக்கத்திலதான் பயம் பிறக்கிற இடமும் இருக்கு. ஒரு வாதுமைக்கொட்டை அளவுதான். நாங்கள் துடிப்பை அகலமாக்கினம். அது அங்கயும் போயிருக்கு."

"அப்ப இத்தனை மாசமா ஏங்கண்ணா ஒருத்தர்கூடப் பிழைன்னு எழுதலை?"

"ஆர் எழுதுறது? பிழை ஆருக்கு வந்ததோ, அவைக்கு அது பிழையாத் தெரியேல்லை. பயம் போனது சுகமாத்தான் இருக்கும். செத்த ஆக்கள் எழுத மாட்டினம்."

"எல்லாத்தையும் பழைய பதிப்புக்கு மாத்தீரலாமுங்கண்ணா. இன்னைக்கே. சாவி இருக்குதில்ல?"

"ஏலாது."

"நூத்துக்கணக்குல சாகறாங்கண்ணா."

"ஓம். விளங்குது. ஆனா பழையதுக்குப் போனா வலிப்பு வரும். வாகனம் ஓட்டிற நேரம் வந்தா? பிள்ளையைத் தூக்கி வச்சிருக்கேக்க வந்தா? அந்தச் சாவும் எங்கட கணக்கிலதான் வரும். நாங்கள் ஆர், தங்கச்சி? டொக்டரா, கடவுளா? ஓய்வு நேரத்தில நிரல் எழுதிற ஆக்கள். அவையின்ர தலை அவையின்ர. எச்சரிக்கை போடுவம். கேப்பம். அவ்வளவுதான்."

எச்சரிக்கை போட்டார்கள். அன்றைக்கே ஆயிரத்துக்கும் மேல் பதில்கள். 'என் சந்தோஷத்தைப் பக்கவிளைவு என்கிறீர்களா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். துடிப்பைக் கொஞ்சம் குறுக்கிப் பார்த்தார்கள்; குறுக்கிய உடனே, சோதிக்க முன்வந்த ஆறு பேரில் நால்வருக்கு வலிப்பு திரும்பியது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் கிடைக்கவேயில்லை. மூன்று வாரம் மூவரும் மாற்றி மாற்றி எழுதினார்கள்.

அதற்கிடையில் அவள் பூபதியிடம் பேசினாள். மாவுப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே கேட்டான்.

"நீ சொல்றது புரியுது புள்ள. எனக்குப் பயம்னு ஒண்ணு இல்லை, அதானே? நெசந்தான். பதினோரு வருசம் நான் எப்படி இருந்தேன்னு உனக்கே தெரியும். பாத்ரூமுக்குப் போனாப் பயம். படியெறங்குனாப் பயம். அமுதி பொறந்தப்ப அவளைக் கையில வாங்கலியே நானு, போட்ருவனோன்னு. பயமில்லாம இருக்கறது ஒரு வியாதியா?"

"மாடிச் சொவுத்து மேல நடக்க வெச்சீங்களே, மாமா."

"விழுகலியே."

"விழுந்திருந்தா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். அந்தக் கேள்விக்குள் போக வழி தேடுவதுபோல இருந்தது அவன் முகம். "விழுகலியே" என்றான் மறுபடி. "வெசனப்படாத. நான் மாத்த மாட்டேன்."

அவள் அலுவலகத்தில் இருக்கும்போது அமுதினியைப் பார்த்துக்கொள்ளத் தன் அம்மாவை வரச்சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இரண்டு வாரம் போய்விட்டது.

ஆடி பிறந்து நாலாம் நாள். மேட்டூர் நிறைந்து, உபரி நீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆற்றோரம் போக வேண்டாம் என்று வருவாய்த்துறை ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சொல்லிப்போயிற்று. பூபதி அமுதினியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் காவிரிக்குக் கூட்டிக்கொண்டு போனான், நீச்சல் பழக்க. பரிசல் துறைக்குக் கீழே, செம்மண் நிறத்தில் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போன தண்ணீரில், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு மார்பளவுக்கு இறங்கினான். கரையிலிருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள். அவன் அவர்களைப் பார்த்துக் கையசைத்தானாம். அடுத்த நொடி வெள்ளம் இருவரையும் இழுத்துக்கொண்டு போனது.

பரிசல்காரர் ஒருவரும் அவர் மச்சானும் கயிறு கட்டிக்கொண்டு குதித்து, முந்நூறு அடி தள்ளிக் குழந்தையைப் பிடித்தார்கள். பூபதி தானாகவே ஒரு மரக்கிளையைப் பற்றிக் கரையேறினான்.

சிந்துஜா மருத்துவமனைக்குப் போனபோது அமுதினி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். நுரையீரலில் தண்ணீர். பிழைத்துவிடுவாள் என்றார் மருத்துவர். ஆனால் நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகட்டும் என்றார். பூபதி தாழ்வாரத்து நாற்காலியில் ஈர உடையோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"பொழைச்சுக்குவா, வெசனப்படாத. நீ ஒண்ணும் சாப்புட்டிருக்க மாட்டியே? கேன்டீன்ல போண்டா நெம்ப நல்லாருக்குது. வாங்கீட்டு வரட்டுமா?"

அந்த முகத்தில் பொய்யில்லை. மகள்மேல் பாசம் இல்லாமலும் இல்லை. நடுங்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அவ்வளவுதான். அந்த ஒன்றுமில்லாததற்கு ஒப்புதல் கொடுத்தது தான்தான் என்பது அவளுக்கு அந்தத் தாழ்வாரத்தில் நின்றபடி தெரிந்தது.

மூன்றாம் நாள் அமுதினி வீட்டுக்கு வந்தாள். சிந்துஜாவின் அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். பூபதி மதியம் சாப்பிட்டுவிட்டு உள்ளறைக் கட்டிலில் படுத்தான். படுத்ததும் தூங்கிவிடும் தூக்கம் அவனுக்கு அந்த ஆறு மாதத்தில் வந்திருந்தது. சிந்துஜா அவன் கைபேசியை எடுத்து, வலது காதுக்குப் பக்கத்தில் தலையணைமேல் வைத்தாள். தன் கணினியிலிருந்து அவசரச் சாவியை ஒவ்வோர் எண்ணாக அடித்தாள். பழைய பதிப்பு ஏறப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று காட்டியது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்துவிட்டால் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தது. அவன் எழவில்லை.

நான்கு மணிக்கு விழித்தான். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தான். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அமுதி எங்க? சிந்து, அமுதி எங்க?"

தடுமாறி ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டான். தரையில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மார்பில் அழுத்தி, பல் கிட்டும்படி நடுங்கினான். "தண்ணியில விட்டனே. நாந்தானே கூட்டீட்டுப் போனேன். நாந்தானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஆறு மாதமாக வராத பயம் எல்லாம் ஒரே சாயங்காலத்தில் வந்தது. குழந்தை மூச்சு முட்டி அழ, பாட்டி பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது.

விளக்கு வைத்த பிறகு அவனிடம் சொன்னாள். "நாந்தானுங்க மாமா மாத்துனேன்."

"நான் தூங்கறப்பவா?"

தலையாட்டினாள்.

"நீ செஞ்சது சரிதான் புள்ள. இல்லீன்னா நம்ம குழந்தையக் கொன்னிருப்பேன்." சொல்லிக்கொண்டே தலையணைமேல் கிடந்த கைபேசியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். மறுபடி புதிய பதிப்புக்குப் போக, அவன் ஒரு தடவை அழுத்தினால் போதும். அவன் அழுத்தவில்லை.

மறுநாள் சிந்துஜா நடந்ததை ஒன்றுவிடாமல் மன்றத்தில் எழுதினாள். கெங்காதரனும் வாஞ்சிருவும் அவளைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். கெங்காதரன் தானே அழைத்துச் சொன்னார்.

"என்ர பிள்ளை எண்டால் நானும் அதைத்தான் செய்திருப்பன். ஆனா நீங்கள் இனி இருக்கேலாது, தங்கச்சி. சாவியையும் அழிச்சுப்போட்டம். இனி ஒருத்தரிட்டயும் இல்லை."

"சரிங்கண்ணா."

"நீங்கள் எழுதினதைப் பாத்து வாஞ்சிருவும் நானும் ஒரு முடிவுக்கு வந்திட்டம். பழைய பதிப்பை எல்லாற்ர போனுக்கும் திரும்ப அனுப்புறம். விரும்பினவை 'ஆம்' எண்டு அழுத்தலாம்."

ஒரு மாதம் கழித்து அவளே போய்ப் பார்த்தாள். புதிய பதிப்பில் இருந்த இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம் பேரில் 'ஆம்' என்று அழுத்தியவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். கெங்காதரன் அந்த எண்ணுக்குக் கீழே அவளுக்கு மட்டும் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'பயம் வேணுமோ எண்டு கேட்டால் ஆர் தங்கச்சி ஓம் எண்டு சொல்லுவினம்?'

ஆனால் அவளுக்குக் கடிதங்கள் வந்தன. மனைவிகளிடமிருந்து, அம்மாக்களிடமிருந்து, ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடமிருந்து. எல்லாவற்றிலும் ஒரே வேண்டுகோள். 'அந்தச் சாவியை எங்களுக்கும் தாருங்கள். அவர் தூங்கும்போது ஒரே ஒருமுறை.' சாவி இல்லை என்று முதலில் சிலருக்குப் பதில் எழுதினாள். பிறகு திறந்து பார்ப்பதை நிறுத்தினாள்.

பதிப்பை மாற்றிய ஒன்பதாம் நாளே பூபதிக்கு வலிப்பு திரும்பியிருந்தது. வாரம் மூன்று, சில வாரம் நான்கு. மாடிப்படியில் மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினான். மகள் தெருவில் விளையாடினால் வாசலிலேயே நின்றான். அவன் அவளிடம் ஒருமுறைகூடக் கடிந்து பேசவில்லை. அவள் போடுவதைச் சாப்பிட்டான், கேட்டதற்குப் பதில் சொன்னான். தூங்குவதற்கு மட்டும் மாவு அரைக்கும் அறைக்குப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். வலிப்பு வருகிறவர்கள் தாழ்ப்பாள் போடக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். செயலியில் அந்த எச்சரிக்கையைத் தமிழில் எழுதியவள் அவள். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தாள். "சரி" என்றான். அன்றைக்கும் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்த அறையிலிருந்து குதிகால் தரையில் மோதும் சத்தம் வந்தது. கூப்பிட்டாள். பிறகு தோளால் இடித்தாள். நாலாவது இடியில் தாழ்ப்பாளின் திருகாணி பெயர்ந்து கதவு திறந்தது. பாயிலிருந்து விலகி, உளுந்து மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தான். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து, வாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அது ஓயும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஓய்ந்தது. மூச்சு சீரானது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான். யார், எங்கே என்று தெரியாமல் அலைந்த பார்வை மெல்ல அவள் முகத்தில் வந்து நின்றது. அவள் கை தன் வலது காதுக்குக் கீழே இருப்பதை உணர்ந்தான். உடம்பு ஒருமுறை பின்னுக்கு இழுத்துக்கொண்டது. சட்டைப்பையைத் தடவிக் கைபேசியைத் தேடினான்.

கடித்த நாக்கோடு, குழறிக் குழறி, ஒரு குழந்தையைப்போலக் கேட்டான்.

"நீ ஒண்ணும் பண்ணலியே, சிந்து?"